பாட்டி சொன்ன பாதிக் கதையும் படம் சொன்ன மீதிக் கதையும்



சின்ன வயதில் கேட்ட கதை வாழ்க்கைக்குப் போதுமா என்பதுதான் இன்றைய அரங்கின் கேள்வி. கதை என்றதும் நம்மவர்களுக்கு இராமாயணமும் மகாபாரதமும் விக்கிரமாதித்தனும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு கதைக் கூடையும் உண்டு. ஹங் துவா, ஹங் ஜெபாட், சிங்கப்பூரைத் தாக்கிய மீன்கள், லேடாங் மலை இளவரசி. இவை பள்ளிப் பாடப் புத்தகத்தில் வந்தன. பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக் சொல்லி வந்தன. விடுமுறை நாள் பிற்பகல்களில் தொலைக்காட்சியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் படங்களிலும் வந்தன.

இந்தக் கதைகளைப் பெரும்பாலோர் பாதியோடு நிறுத்திக்கொண்டோம். மீதிப் பாதியைச் சொன்ன படங்கள் இருந்தும் அவற்றை அதிகம் கண்டுகொள்ளவில்லை. அந்த மீதியைத் தேடிப் பார்ப்பதுதான் இந்தப் பேச்சின் நோக்கம்.

முதலில் அந்தப் படங்கள் பிறந்த இடத்தைப் பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் சிங்கப்பூரில் இரண்டு பெரிய மலாய்ப் பட நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படம் எடுத்தன. ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ். ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் கேத்தே-கெரிஸ். தொடக்கத்தில் இந்தப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1934-இல் ‘லைலா மஜ்னூன்’ படத்தை எடுத்தவர் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ். சென்னையில் பிறந்து சிறு வயதிலேயே பினாங்கிற்கு வந்த எல்.கிருஷ்ணன் 1950-இல் எடுத்த ‘பக்தி’ படத்தில்தான் பி.ரம்லீ முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்தார். அந்தப் படங்களில் பாட்டு வரும் இடமும், தாய் கண்ணீர் விடும் இடமும் நம் வீட்டு ஆட்களுக்கு அந்நியமாகத் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலி யோசனை சொன்ன சிறுவன்

மீன் கதையை எடுத்துக்கொள்வோம். தோடாக் என்ற கூர்மூக்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் பாய்ந்து மக்களைக் குத்திக் கொல்கின்றன. அரசன் யானை மேல் ஏறி வந்து பார்க்கிறான். மக்கள் தங்கள் கால்களையே வேலியாக வைத்து வரிசையாக நிற்க வேண்டும் என்று கட்டளையிடுகிறான். பிணங்கள் குவிகின்றன. அப்போது ஒரு சிறுவன், “ஏன் நம் கால்களை வைக்க வேண்டும்? வாழை மரங்களை வெட்டி வேலி கட்டினால் என்ன?” என்று கேட்கிறான். அப்படியே செய்கிறார்கள். மீன்களின் மூக்கு வாழையில் குத்தி மாட்டிக்கொள்கிறது. ஊர் பிழைக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும். “பார்த்தாயா, எவ்வளவு கெட்டிக்காரப் பையன்! நீயும் அப்படி இருக்க வேண்டும்” என்று சொல்லி விளக்கை அணைத்துவிடுவார்கள்.

ஆனால் ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் வரலாற்று நூலில் கதை அங்கே முடியவில்லை. அரசன் அரண்மனைக்குத் திரும்பியதும் அமைச்சர்கள் அவன் காதைக் கடிக்கிறார்கள். “இந்த வயதிலேயே இவ்வளவு மூளை என்றால், வளர்ந்த பிறகு என்ன ஆவானோ? இப்போதே தீர்த்துவிடுவது நல்லது” என்கிறார்கள். அரசனும் தலையாட்டுகிறான். ஊரைக் காப்பாற்றிய பிள்ளை கொல்லப்படுகிறான். அந்த இரத்தப் பழி சிங்கப்பூரைச் சேர்ந்தது என்று நூல் சொல்கிறது. அந்த நூலில் சிறுவனுக்குப் பெயர்கூட இல்லை. ஹங் நாடிம் என்ற பெயர் பின்னால் வந்த வழக்கு. அவன் இரத்தம் ஓடித்தான் புக்கிட் மேரா என்ற குன்று சிவந்தது என்பது செவிவழிக் கதை. இன்று ரெட்ஹில் எம்.ஆர்.டி. நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பிள்ளையின் நினைவு வரும்?

1960-களின் தொடக்கத்தில் ஒமார் ரோஜிக் இயக்கத்தில் ‘சிங்கப்பூரா டிலாங்கார் தோடாக்’ என்ற பெயரில் இந்தக் கதை படமாக வந்தது. பி.ரம்லீயின் நகைச்சுவைப் படங்களைப் பத்து முறை பார்த்தவர்கள்கூட இதை ஒரு முறை பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இந்தக் கதைக்கும் நம் வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு பிள்ளை எழுந்து நல்ல யோசனை சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? “அதிகப் பிரசங்கித்தனம் பண்ணாதே, உள்ளே போ” என்கிறோம். யோசனை சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன்பே வயதைப் பார்க்கிறோம். கழுத்தை வெட்டுவதில்லை, வாயை அடைக்கிறோம். கெட்டிக்காரனாக இரு என்று இரவில் கதை சொல்லிவிட்டு, கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும்போது பகலில் அதட்டினால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

விசாரிக்காத அரசன்

இரண்டாவது கதை டாங் அனோம் என்ற பெண்ணுடையது. இது பிள்ளைகளுக்குச் சொல்லப்படாத கதை. சிங்கப்பூர் மஜாபாஹிட் படையிடம் எப்படி வீழ்ந்தது என்று பள்ளியில் கேட்டால், ஒரு துரோகி கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான் என்று ஒரு வரியில் பதில் கிடைக்கும். அந்தத் துரோகியின் பெயர் சங் ராஜுனா தாப்பா. அரசாங்கக் கருவூல அதிகாரி. அவன் ஏன் கதவைத் திறந்தான் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அவனுடைய மகள் அரண்மனையில் அரசனின் ஆசைநாயகியாக இருந்தாள். அந்தப்புரத்தில் இருந்த மற்றப் பெண்கள் பொறாமையால் அவள் மேல் பழி போட்டார்கள். அரசன் விசாரிக்கவில்லை. சந்தையில் ஊரார் கண் முன்னே அவளைக் கழுவில் ஏற்றச் சொன்னான். தகப்பன் சொன்னதாக நூலில் வரும் கருத்து நெஞ்சைப் பிசையும். மகள் உண்மையிலேயே தப்பு செய்திருந்தால் கொன்றிருக்கலாமே, ஏன் இப்படி அவமானப்படுத்த வேண்டும் என்பதே அவன் கேட்டது. அதன் பிறகுதான் அவன் மஜாபாஹிட்டுக்குக் கடிதம் எழுதினான். கதவும் திறந்தது, நாடும் போனது.

1962-இல் ஹுசைன் ஹனிஃப் இந்தக் கதையை ‘டாங் அனோம்’ என்று படமாக எடுத்தார். பாத்திமா அகமது டாங் அனோமாகவும், அவளைக் காதலிக்கும் மாலாங் என்ற வீரனாக நோர்டின் அகமதுவும் நடித்தார்கள். பழைய நூலில் ஒரு சம்பவமாக வந்துபோகும் பெண்ணுக்கு அந்தப் படம் ஒரு பெயரையும் முகத்தையும் மனத்தையும் கொடுத்தது. அவள் யாரோ ஒருவனின் மகள் மட்டும் அல்ல, தனக்கென்று ஆசை உள்ள ஒரு பெண் என்று காட்டியது.

நம் சமூகத்துக்கு இந்தக் கதை தெரியாததா? மதுரையில் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியனை நமக்குத் தெரியும். ஆனால் பாண்டியன் தவறு என்று தெரிந்த கணத்திலேயே உயிரை விட்டான். சிங்கப்பூர் அரசன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். இன்றும் ஒரு பெண்ணைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசினால், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே குடும்பமே தீர்ப்பு எழுதிவிடுகிறது. கல்யாணம் நிற்கிறது, படிப்பு நிற்கிறது. கழுமரம் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

துவாவா, ஜெபாட்டா?

மூன்றாவது, எல்லாருக்கும் தெரிந்த கதை. ஹங் துவாவும் அவருடைய நான்கு நண்பர்களும். ஹங் துவா மலாக்கா சுல்தானின் நம்பிக்கைக்குரிய வீரர். ‘ஹிக்காயாட் ஹங் துவா’ என்ற காவியத்தில் அவர் கெலிங் நாடு என்று சொல்லப்படும் தென்னிந்தியப் பகுதிக்கே தூதராகப் போய், விஜயநகரத்துக் கிஸ்னா ராயனைச் சந்திக்கிறார். அவர் உண்மையில் வாழ்ந்தாரா என்று 2012-இல் வரலாற்றாசிரியர் கூ கே கிம் எழுப்பிய கேள்வி நாடு முழுக்க விவாதமானது. அது இன்னொரு நாள் அரங்கத்துக்கு ஆகட்டும். இங்கே நமக்குக் கதைதான் முக்கியம்.

அரண்மனைப் பெண்ணோடு துவாவுக்குத் தொடர்பு என்று பொறாமைக்காரர்கள் கோள் சொல்கிறார்கள். இங்கேயும் சுல்தான் விசாரிக்கவில்லை. கொல்லச் சொல்கிறார். பெண்டஹாரா என்ற முதலமைச்சர் துவாவை இரகசியமாக ஒளித்து வைக்கிறார். நண்பன் செத்துவிட்டான் என்று நம்பிய ஜெபாட், அநியாயம் செய்த சுல்தானை எதிர்த்து அரண்மனையையே கைப்பற்றுகிறான். சுல்தானுக்குத் துவாவின் அருமை அப்போதுதான் தெரிகிறது. துவா உயிரோடு இருப்பதைப் பெண்டஹாரா சொல்ல, சுல்தான் அவரை அழைத்து ஜெபாட்டைக் கொல்லச் சொல்கிறார். தனக்காகப் போராடிய நண்பனைத் துவா தன் கையாலேயே குத்துகிறார்.

சின்ன வயதில் கேட்டபோது துவா நல்லவர், ஜெபாட் கெட்டவன். கணக்கு சுலபம். 1956-இல் ஃபனி மஜும்தார் இயக்கிய வண்ணப் படம் ‘ஹங் துவா’வில் பி.ரம்லீதான் துவா. ஜெபாட்டாக அகமது மஹ்மூட் நடித்தார். 1957-இல் பெர்லின் திரைப்பட விழாப் போட்டிக்குப் போன படம் அது. அந்தப் படத்தின் பாட்டும் உடையும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் கடைசிக் காட்சியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். வெற்றி பெற்ற துவா கொண்டாடவில்லை. செய்தது சரியா, நியாயம் யார் பக்கம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு நிற்கிறார். படம் பதில் சொல்லாமல் முடிகிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வியை இன்னொரு படம் கையில் எடுத்தது. 1961-இல் கேத்தே-கெரிஸ் வெளியிட்ட ‘ஹங் ஜெபாட்’. அலி அஸிஸ் எழுதிய மேடை நாடகத்தைத் தழுவியது. இயக்கியவர் அதே ஹுசைன் ஹனிஃப். படத்தொகுப்பாளராக இருந்தவருக்கு இயக்குநராக அதுதான் முதல் படம். ஜெபாட்டாக நோர்டின் அகமது, துவாவாக எம்.அமின். தலைப்பிலேயே யார் பக்கம் கேமரா நிற்கிறது என்று தெரிந்துவிடும். 1957-இல் மலாயா சுதந்திரம் பெற்ற பிறகு, இளைய தலைமுறை கேட்ட கேள்வியும் இதுதான். 1961-இல் உஸ்மான் அவாங் ஜெபாட்டின் சாவை வைத்து நாடகம் எழுதினார். ஜெபாட்தான் உண்மையான வீரன் என்று காசிம் அகமது ஆய்வு எழுதினார்.

ஹுசைன் ஹனிஃப் ஐந்தே ஆண்டுகளில் பத்துக்கு மேற்பட்ட படங்களை எடுத்துவிட்டு, 1966-இல் தம் முப்பதுகளின் தொடக்கத்திலேயே காலமானார். நோர்டின் அகமது 1971-இல் மறைந்தார். ரம்லீயின் பெயர் தெருவுக்கும் கட்டடத்துக்கும் இருக்கிறது. அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் ஹுசைன் ஹனிஃப் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

நம் வீடுகளில் இந்தக் கதைக்கு ஒரு சொல் தயாராகவே இருக்கிறது. செஞ்சோற்றுக் கடன். சிவாஜி நடித்த ‘கர்ணன்’ 1964-இல் வந்தபோது அந்தப் பெரிய செலவுக்கு ஏற்ற வரவேற்பு கிடைக்கவில்லை. 2012-இல் புதுப்பித்து வெளியிட்டபோது புதிய தலைமுறை கூட்டமாகப் போய்ப் பார்த்தது. கர்ணனும் துவாவைப் போல விசுவாசத்துக்குக் கட்டுப்பட்டவன்தான். சோறு போட்டவன் தப்பு செய்யும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு அவனிடமும் சுலபமான பதில் இல்லை.

அதற்காக ஜெபாட்டைத் தூக்கித் தெய்வமாக்க வேண்டியதில்லை. காவியத்தில் அவன் குத்துப்பட்ட பிறகு வெளியே ஓடிக் கண்ணில் பட்டவர்களை எல்லாம் வெட்டித் தள்ளுகிறான். சுல்தான் செய்த அநியாயத்துக்கும் சந்தைக்குப் போன சாதாரண ஆளுக்கும் என்ன சம்பந்தம்? பழைய செஜாரா மெலாயுவில் கலகம் செய்தவன் ஜெபாட்கூட இல்லை, ஹங் கஸ்தூரி. கதைகள் கைமாறக் கைமாற ஆட்கள் மாறுகிறார்கள். கேள்வி மட்டும் மாறுவதில்லை.

இரு பக்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தம்

இந்த மூன்று கதைகளுக்கும் சாவி செஜாரா மெலாயுவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. சிங்கம் பார்த்த சங் நீலா உத்தாமாவைப் பிள்ளைகளுக்குத் தெரியும். கப்பல் மூழ்காமல் இருக்க அவர் கிரீடத்தைக் கடலில் போட்டதும் தெரியும். அதற்கு முன்னால் பாலெம்பாங்கில் நடந்தது பலருக்குத் தெரியாது. அவர் டெமாங் லேபார் டாவுன் என்ற தலைவரின் மகளை மணக்கும் முன் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். குடிமக்கள் எவ்வளவு தப்பு செய்தாலும் அவர்களை இழிவுபடுத்திப் பேசக்கூடாது, பெருங்குற்றம் என்றால் சட்டப்படி தண்டிக்கலாம், ஆனால் அவமானப்படுத்தக்கூடாது என்பது மக்கள் கேட்டது. அரசன் கொடியவனாக இருந்தாலும் குடிமக்கள் துரோகம் செய்யக்கூடாது என்பது அரசன் கேட்டது. மக்கள் தலைவர் சம்மதித்தார். ஆனால் ஒரு வார்த்தை சேர்த்தார். அரசன் முதலில் வாக்கை மீறினால் மக்களும் மீறுவார்கள் என்றார்.

இப்போது டாங் அனோமின் தகப்பன் கேட்ட கேள்வியைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். கொன்றிருக்கலாமே, ஏன் அவமானப்படுத்தினாய்? அவன் கேட்டது இந்த ஒப்பந்தத்தைத்தான். அரசன் தன் பங்கை மீறினான், தகப்பன் தன் பங்கை மீறினான். இருவரின் சண்டையில் ஊர் அழிந்தது.

லேடாங் மலை இளவரசியின் கதையும் இதே பாடம்தான். தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், தட்டுத் தட்டாகக் கொசுவின் இதயம் என்று அவள் சுல்தானிடம் கேட்ட சீதனத்தைச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியாக அவள் இளவரசனின் இரத்தம் ஒரு கிண்ணம் கேட்டபோதுதான் சுல்தான் பின்வாங்கினார். அதுவரை கேட்ட கண்ணீருக்கும் தங்கத்துக்கும் விலை கொடுக்கப் போவது மக்கள் என்பது அவருக்கு உறுத்தவில்லை. தன் பிள்ளை என்றபோதுதான் உறுத்தியது. 1961-இல் எஸ்.ரூமாய் நூர் இதைப் படமாக்கினார். 2004-இல் வந்த பெரிய படம் காதல் கதையாக நம் மனத்தில் நின்றது.

பிள்ளைகளுக்கான கதை இந்த ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லித் தருகிறது. கீழ்ப்படி, விசுவாசமாக இரு என்கிறது. அது பொய் இல்லை, பாதி. மேலே இருப்பவனும் வாக்குக் கொடுத்திருக்கிறான் என்பது மறுபாதி. அப்பா, ஆசிரியர், முதலாளி, சங்கத் தலைவர், யாராக இருந்தாலும் மரியாதையை வாங்குகிறவருக்கு நியாயம் வழங்கும் கடமையும் உண்டு.

எப்போது சொல்வது?

அதற்காக ஆறு வயதுப் பிள்ளையைப் படுக்கையில் உட்கார வைத்துக் கழுமரத்தை விவரிக்கச் சொல்லவில்லை. ஆறு வயதுக்கு வாழை வேலியே போதும். அந்தக் கதையின் இனிப்பை யாரும் பறிக்க வேண்டியதில்லை. பாட்டிமார் பாதியில் நிறுத்தியது அறியாமையால் அல்ல, பிள்ளை தூங்க வேண்டும் என்ற அன்பினால். பிள்ளை வளர்ந்த பிறகும் நாம் அதே இடத்தில் நிறுத்திக்கொண்டிருப்பதுதான் குறை.

பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகும் வயதில் ஒரு விடுமுறையைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் 1956-ஆம் ஆண்டு ‘ஹங் துவா’. மறுநாள் 1961-ஆம் ஆண்டு ‘ஹங் ஜெபாட்’. இரண்டையும் குடும்பத்தோடு பாருங்கள். கறுப்பு வெள்ளை என்று முகம் சுளிப்பார்கள், சண்டைக் காட்சியில் சிரிப்பார்கள். பரவாயில்லை. படம் முடிந்ததும், “நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, தயவுசெய்து பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள். பிள்ளை ஜெபாட் பக்கம் பேசினால் அதட்டாதீர்கள், துவா பக்கம் பேசினால் கைதட்டாதீர்கள். வாழை வேலி யோசனை எந்தப் பிள்ளையிடம் இருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்?

இந்தப் படங்கள் என்றைக்கும் இருக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1957-இல் பி.என்.ராவ் இயக்கத்தில் சக்கைப்போடு போட்ட முதல் ‘பொந்தியானாக்’ படத்தின் பிரதி இன்று இல்லை. ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடம் 1967-இல் மூடப்பட்டது. கேத்தே-கெரிஸ் எடுத்த மலாய்ப் படங்களில் எஞ்சிய 91 படங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பாதுகாக்கும் வேலையை ஆவணக் காப்பகம் செய்கிறது. பார்க்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

பெயரில்லாத அந்தச் சிறுவனுக்கும், விசாரிக்கப்படாத அந்தப் பெண்ணுக்கும், நண்பனைக் கொன்றுவிட்டுத் திகைத்து நின்ற அந்த வீரனுக்கும் நம்மால் இன்று செய்ய முடிந்தது ஒன்றுதான். அவர்கள் கதையைக் கடைசி வரை கேட்பது.